ஆளில்லாத கட்டடங்களும் அவற்றைப் படமெடுப்பவர்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கைவிடப்பட்டுக் கிடக்கும் கட்டடங்களைப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றைத் தேர்ந்து, இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

இடிந்து கிடக்கும் கட்டடத்தை யார் எடுத்தாலும் படம் அழகாகத்தானே வரும்? அதில் கலைஞரின் பங்கு என்ன இருக்கிறது?
— வாசகர், மதுரை

உங்கள் கேள்வியின் முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். சுவரிலிருந்து ஏடு ஏடாக உரியும் பெயின்ட்டும், உடைந்த கண்ணாடி வழியே சாய்ந்து விழும் வெயிலும், தரையில் சிதறிய காரைத் துண்டுகளும் எவர் எடுத்தாலும் கண்ணைக் கவரும். கவர்வது இத்தனை சுலபமாக இருப்பதால்தான் இத்துறையில் பார்த்ததையே மீண்டும் பார்க்கும் அலுப்பு மிகுந்திருக்கிறது.

தேர்ந்தவர்களின் வேலை எங்கே வேறுபடுகிறது என்பதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸைச் சேர்ந்த ஈவ் மார்ஷான், ரோமேன் மெஃப்ர் ஆகிய இருவரும் 2005 முதல் டெட்ராய்ட்டுக்குப் பலமுறை சென்று எடுத்த படங்கள் 2010-இல் நூலாக வந்தன. அவர்கள் எடுத்த இடங்களில் ஒன்று மிஷிகன் தியேட்டர். ஹென்றி ஃபோர்டு தம் முதல் வண்டியைச் செய்து பார்த்த சிறு பட்டறை இருந்த மனையில், 1926-இல், சுமார் 4,000 இருக்கைகளுடன் எழுந்த மாளிகை போன்ற அரங்கு அது. 1970-களில் அரங்கு மூடப்பட்டது. அதை ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவர்களோ கார் நிறுத்த இடம் கேட்டார்கள். அரங்கை இடித்தால் அலுவலகக் கட்டடத்தின் உறுதி கெடும் என்ற நிலையில், இருக்கைகளையும் மாடங்களையும் அகற்றிவிட்டு உள்ளேயே அடுக்கடுக்காகக் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். ஆகவே இன்றும் அங்கே காரை நிறுத்துகிறவர் தலைக்கு மேல் பூவேலைப்பாடும் பொற்சாயமும் கொண்ட சுதைக் கூரையைப் பார்க்கலாம். மேடை இருந்த பக்கத்தில் திரைச்சீலையின் கந்தல் தொங்குவதையும் பார்க்கலாம்.

இந்த இடத்தைக் கைபேசியில் எடுத்தால் கூரை வரும், அல்லது கார்கள் வரும். இரண்டும் சம எடையோடு ஒரே சட்டத்தில் நிற்பது அரிது. மார்ஷானும் மெஃப்ரும் 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் அளவுள்ள பிலிம் தாள்களைப் பயன்படுத்தும் பழைய பாணிப் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்தவர்கள். அவ்வகைக் கேமராவில், கேமராவை அண்ணாந்து சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே உயர்த்த முடியும் என்பதால், தூண்கள் உள்நோக்கிச் சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்க, கூரையும் தரையும் ஒருங்கே படத்துக்குள் வந்துவிடும். ஆடம்பரமான கூரையின்கீழ் சாதாரணக் கார்கள் வரிசையாக நிற்பதைக் காட்டும் அந்தச் சட்டகத்தில், ஒரு நகரம் தன் பழைய கேளிக்கைகளை என்ன விலைக்கு விட்டுக்கொடுத்தது என்பது அடங்கிவிடுகிறது. இதைத்தான் கலைஞரின் பங்கு என்கிறேன்.

இதே கருவியால் ஒரு விளைவும் நேர்கிறது. இருண்ட கூடங்களில் ஷட்டர் பல விநாடிகள், சில வேளை நிமிடக்கணக்கில் திறந்திருக்க வேண்டும். அசையாத சுவர் தெளிவாகப் பதியும், குறுக்கே நடந்து போகிறவர் பதியமாட்டார். ஒளிப்படக் கலையின் முன்னோடியான டாகேர் 1838-இல் எடுத்த பாரீஸ் வீதிப் படத்தில், நடமாட்டம் மிகுந்த சாலை வெறிச்சோடித் தெரிகிறது. பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் கால் வைத்து நின்ற ஒருவரும், போட்டுவிட்டவரும் மட்டுமே அதில் தெரிகிற மனிதர்கள். கைவிடப்பட்ட கட்டடங்களின் படங்களில் ஆட்கள் இல்லாமல் போவதில் கலைஞரின் தேர்வோடு கேமராவின் இந்த இயல்பும் சேர்ந்திருக்கிறது. அடுத்த கேள்விக்கு இது முக்கியம்.

இத்தகைய படங்கள் ஓர் ஊரின் துயரத்தை விற்பவை என்று டெட்ராய்ட் மக்களில் சிலர் குற்றம் சாட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அது நியாயமான குற்றச்சாட்டா?
— வாசகி, திருச்சி

பெரும்பகுதி நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது என்பதில் எனக்குச் சற்று வேறு கருத்து உண்டு.

2009 வாக்கில் அந்நகரில் 'ரூயின் போர்ன்', அதாவது இடிபாட்டு ஆபாசப்படம், என்ற வசைச்சொல் பரவியது. வெளியூரிலிருந்து வரும் படப்பிடிப்பாளர்கள் நேரே மூடிய ரயில் நிலையத்துக்குப் போய், அது மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும், அன்றைய பொருளாதாரச் சரிவின் சின்னமாக அதைக் காட்டிவிட்டுப் போனார்கள். அந்த எரிச்சலிலிருந்து பிறந்த சொல் அது. படங்கள் அழகாக இருப்பதே தவறு என்று சிலர் வாதிடுகிறார்கள். அழகைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கட்டடம் ஏன் காலியானது என்பதைப் படமும் சொல்லாமல், படத்தின் கீழுள்ள குறிப்பும் சொல்லாமல், பார்வையாளரைப் பெருமூச்சோடு அனுப்பிவைப்பதே தவறு. அப்போது சிதைவு மழையும் வெயிலும் செய்த வேலையாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் முடிவெடுத்த மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள்.

பேக்கர்ட் கார் தொழிற்சாலையைப் பாருங்கள். இத்துறையில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட கட்டடங்களில் அது ஒன்று. ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைக்க, 1903-இல் அது இயங்கத் தொடங்கியது. 1905-இல் அங்கே எழுந்த பத்தாம் எண் கட்டடம் கார் தொழிற்சாலைகளில் வலுவூட்டிய கான்கிரீட்டைப் புகுத்திய முன்னோடிகளில் ஒன்று. வளாகம் வளர்ந்து ஏறத்தாழ 35 லட்சம் சதுர அடியை எட்டியது. சரிந்த பாலமும் கூரை பிளந்த கூடங்களுமாக அதன் படங்களைப் பார்க்கும் பலர், 43 பேர் உயிரிழந்த 1967 ஜூலைக் கலவரம்தான் அந்நகரை அழித்தது என்ற பழக்கப்பட்ட கதையை நினைவுகூர்வார்கள். ஆனால் பேக்கர்ட் டெட்ராய்ட்டில் உற்பத்தியை நிறுத்தியது 1956-இல், கலவரத்துக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே. 1947-க்கும் 1963-க்கும் இடையில் அந்நகரம் சுமார் 1,34,000 உற்பத்தித் துறை வேலைகளை இழந்திருந்தது. நிறுவனங்கள் ஆலைகளைப் புறநகர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் கொண்டுபோயின. அரசு போட்ட விரைவுச் சாலைகள் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பிளாக் பாட்டம் பகுதியைத் துடைத்தெடுத்தன. வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் தந்த கூட்டரசின் நிறுவனம், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளையும் அவற்றை ஒட்டிய மனைகளையும் அபாயமானவை என்று ஒதுக்கியது.

இதன் சாட்சியாக இன்னும் நிற்பது ஒரு சுவர். நகரின் வடக்கு எல்லையான எட்டாவது மைல் சாலைக்கு அருகே, 1941-இல், வெள்ளையருக்காக வீடுகள் கட்ட விரும்பிய ஒருவர், பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பு இருப்பதால் கடன் உத்தரவாதம் கிடைக்காமல் போகவே, இரண்டுக்கும் நடுவில் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்தது. அந்தச் சுவர் இடியவில்லை, அதில் கொடி படரவில்லை, ஒளி நாடகம் எதுவும் இல்லை. ஆகவே இடிபாட்டுப் படத் தொகுப்புகளைத் தேடிச் செல்பவர்கள் அதை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. அத்தனை பெரிய கூடங்கள் ஏன் காலியாயின என்பதை விளக்குவதில் எந்தக் கூடத்தையும்விட அச்சுவருக்குத்தான் பங்கு அதிகம்.

1950-இல் ஏறத்தாழ 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரில் 2020-இல் 6.39 லட்சம் பேர் இருந்தார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் இன்னும் வாழ்கிற இடத்தை ஆளரவமற்ற பேய் நகரமாகக் காட்டினால் அங்கே குடியிருப்பவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், படங்களில் அவர்கள் இல்லாமல் போவதைக் கேமராவின் இயல்பு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

இருந்தும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆண்ட்ரூ மூர் எடுத்த ஒரு படத்தை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. டெட்ராய்ட் பொதுப் பள்ளிகளின் புத்தகக் கிடங்கு 1987-இல் தீப்பிடித்தது. புத்தகங்கள் அங்கேயே விடப்பட்டன. மழை நனைத்து, மக்கி, மண்ணாகிப்போன பாடப்புத்தகக் குவியலின்மேல் பிர்ச் மரக்கன்றுகள் முளைத்து நிற்பதை மூர் படமெடுத்தார். உற்றுப் பார்த்தால் மண்ணுக்குள் தாள்களின் விளிம்புகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. பிள்ளைகளுக்குப் போய்ச் சேராத புத்தகங்கள் அவை. இது ஒரு நிர்வாகத்தின் மீதான குற்றப்பத்திரிகை. அழகு அதன் கூர்மையைக் குறைக்கவில்லை.

அப்படியானால் இத்துறையில் நீங்கள் முன்மாதிரியாகக் கருதுபவர் யார்?
— வாசகர், சென்னை

காமிலோ ஹோசே வெர்காரா. 1944-இல் சிலி நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், சமூகவியல் படித்தவர். 1970-களிலிருந்து நியூயார்க், கேம்டன், டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களின் ஏழ்மையான வட்டாரங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, ஒரே தெருமுனையை, ஒரே கட்டடத்தை, முடிந்தவரை ஒரே கோணத்தில் ஆண்டுக்கணக்கில் எடுத்துவருகிறார். பெரிய கேமராவும் நாடகத்தனமான ஒளியும் அவருக்குத் தேவைப்படவில்லை; பெரும்பாலும் சிறிய 35 மி.மீ. கேமராவில் வண்ண ஸ்லைடு பிலிமைப் போட்டு எடுத்தார்.

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், கிழக்கு 125-ஆவது தெருவில் 65-ஆம் எண் கட்டடத்தை அவர் 1977-இல் முதன்முதலாக எடுத்தபோது அது ஓர் இரவு விடுதி. அதன்பின் எடுத்த படங்களில் அதே முகப்பு இரண்டாகப் பிரிகிறது, பெயர்ப்பலகைகள் மாறுகின்றன, பலவகைக் கடைகள் வந்து போகின்றன, ஒரு கட்டத்தில் மெத்தைக் கடை, பின்பு ஒரு சிறு தேவாலயம். எந்தத் தனிப்படமும் சுவரில் மாட்டத் தூண்டும் படமல்ல. வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான், வாடகை, முதலீடு, நம்பிக்கை எல்லாம் ஒரு தெருவுக்குள் எப்படி வந்தன, எப்படி வெளியேறின என்பது கண்ணெதிரே நடக்கிறது. தனிப்படத்தில் விதியைப் போலத் தோன்றும் சிதைவு, வரிசையில் வைத்தால் இன்னின்ன ஆண்டுகளில் இன்னின்னது நடந்ததன் விளைவாகத் தெரிகிறது. இடிந்த இடத்தில் புதுவீடு எழுவதையும் அந்த வரிசைதான் காட்டும். ஒருமுறை வந்து போகிற கலைஞரின் கண்ணில் அது படவே வாய்ப்பில்லை.

அவரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். டெட்ராய்ட்டின் மையப் பகுதியில் காலியாக நின்ற பழைய அடுக்குமாடிக் கட்டடங்களை இடிக்காமலும் சீரமைக்காமலும் ஏதென்ஸ் நகரக் குன்றின் மேலுள்ள பண்டைய இடிபாடுகளான அக்ரோபொலிஸைப் போல, அமெரிக்காவின் அக்ரோபொலிஸாக அப்படியே விட்டுவைக்கலாம் என்று 1995-இல் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். உள்ளூர் மக்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் சரியானது. தாம் வாழும் ஊரைப் பிறர் பார்க்க வரும் தொல்லியல் களமாக்க யார்தான் சம்மதிப்பார்கள்? ஆனால் அவருடைய படங்கள் அந்த யோசனையைவிட அறிவார்ந்தவை.

டேவ் ஜோர்டானோவையும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டில் பிறந்த அவர், மாணவராக இருந்தபோது 1970-களின் தொடக்கத்தில் தாம் எடுத்த இடங்களை 2010-இல் திரும்ப வந்து எடுக்கத் தொடங்கினார். விரைவிலேயே கட்டடங்களிலிருந்து விலகி அங்கே வாழும் மனிதர்களை எடுப்பதில் இறங்கினார். 2015-இல் வந்த அவருடைய தொகுப்பை மார்ஷான்–மெஃப்ர் தொகுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மார்ஷானும் மெஃப்ரும் ஜப்பானில் ஒரு தீவையும் எடுத்திருக்கிறார்களாமே?
— வாசகர், புதுச்சேரி

ஆம், நாகசாகிக்கு அருகிலுள்ள ஹாஷிமா. கடலடி நிலக்கரிக்காக மிட்சுபிஷி நிறுவனம் 1890-இல் வாங்கிய சிறு தீவு. 1916-இல் அங்கே கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு, ஜப்பானின் முதல் வலுவூட்டிய கான்கிரீட் அடுக்குமாடி வீடு. 1959-இல் சுமார் 6 ஹெக்டேருக்குள் 5,259 பேர் வாழ்ந்தார்கள். 1974-இல் சுரங்கம் மூடப்பட்டதும் சில மாதங்களுக்குள் தீவு காலியானது.

கட்டடம் ஏன் காலியானது என்பதைப் படம் சொல்லாமல் விடும் குறைபாடு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஹாஷிமா எடுத்துக்காட்டு. போர்க்காலத்தில் கொரியர்களும் சீனர்களும் அங்கே கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்பட்டார்கள். 2015-இல் அத்தீவு உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது, அந்த வரலாற்றையும் மக்களுக்கு எடுத்துச் சொல்வதாக ஜப்பான் உறுதியளித்தது. அது போதுமான அளவு செய்யப்படவில்லை என்று 2021-இல் உலகப் பாரம்பரியக் குழு கடும் வருத்தம் தெரிவித்தது. காலியான மாடிப்படிகளின் படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இதை அது தானாகச் சொல்லாது. யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

படமெடுத்ததால் ஏதேனும் ஒரு கட்டடமாவது பிழைத்ததுண்டா?
— வாசகி, சேலம்

உண்டு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரிலுள்ள ஸோலெர்ன் நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திரக் கூடத்தை இடிக்க முடிவாகியிருந்தது. கலைஞர்களும் கட்டடக் கலை ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களில் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியும் இருந்தார்கள். 1969-இல் கூடம் பாதுகாக்கப்பட்டது. அந்நாட்டில் தொழில் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் முயற்சிகளுக்கு அதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1959-இலிருந்து ஊதுலைகளையும் நீர்த்தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகம் மூடிய, நிழல் விழாத நாட்களில் மட்டுமே, ஒரே சீரான கோணத்தில் எடுத்துவந்தவர்கள் அத்தம்பதி. அவர்கள் படங்களில் ஏக்கத்துக்கு இடமே இல்லை. பின்னாளில் ஒருவர் வந்து, இந்தக் கோபுரத்தில் எத்தனை குறுக்குச் சட்டங்கள் என்று எண்ண விரும்பினால் எண்ணிக்கொள்ளலாம், அத்தனை துல்லியம்.

டெட்ராய்ட்டின் மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913-இல் திறந்து, 1988 ஜனவரியில் கடைசி ரயிலை வழியனுப்பியது. 2018-இல் ஃபோர்டு நிறுவனம் அதை வாங்கிச் சீரமைத்து 2024 ஜூனில் திறந்தது. பயணிகள் கூடத்தின் வளைகூரையில் மட்டும் சுமார் 29,000 ஓடுகள். மேலே சொன்ன புத்தகக் கிடங்கும் அதே முயற்சியில் சீரமைந்து 2023-இல் திறந்தது. படங்கள் ரயில் நிலையத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தன என்பது உண்மை. ஆனால் மறுவாழ்வு தந்தது பெரும் பணம் படைத்த ஒரு நிறுவனத்தின் முடிவு. படமெடுக்கப்பட்ட வேறு பல கட்டடங்கள் இடிபட்டுப்போயின. பேக்கர்ட் ஆலையையும் 2022-இலிருந்து இடித்தார்கள்.

கோவையில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றைக் கல்லூரிப் பணிக்காகப் படமெடுக்க விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?
— காட்சித் தொடர்பியல் மாணவி, கோவை

முதலில் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பூட்டிய இடத்துக்குள் அனுமதியின்றி நுழைவது, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவின்கீழ் அத்துமீறலாகக் கொள்ளப்படலாம். வெளிநாட்டுக் கலைஞர்கள் சிலர் சுவரேறிக் குதித்ததைப் பெருமையாகச் சொல்வதைப் பின்பற்ற வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். உடைந்த கல்நார் ஓட்டுத் துகளும் காய்ந்த புறா எச்சமும் நுரையீரலுக்குக் கேடு. நல்ல முகக்கவசமும் கெட்டியான காலணியும் இன்றி உள்ளே கால் வைக்காதீர்கள். மரத்தளமும் மூடியில்லாத குழிகளும் இருக்கும் இடத்தில் கேமராவின் திரையைப் பார்த்தபடி ஓரடிகூடப் பின்னால் நகரக் கூடாது.

இவற்றையெல்லாம்விட முக்கியம், ஆலைக்குள் போவதற்கு முன்பு அங்கே வேலை பார்த்தவர்களைப் பார்ப்பது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சில் நின்றன. அங்கே பணிபுரிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தனியார் ஆலைகள் பல அதற்கும் முன்பே நின்றவை. அவற்றில் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். புளோ ரூம் எது, கார்டிங் எது, ஸ்பின்னிங் எது, எந்த வாசலில் வருகை பதிந்தார்கள், எந்தச் சங்குக்கு எந்த ஷிப்ட் மாறியது என்று அவர்கள் சொன்ன பிறகு அதே கூடத்துக்குள் நுழைந்தால் நீங்கள் வேறு இடங்களில் கேமராவை நிறுத்துவீர்கள். அனுமதி கிடைத்தால் அவர்களில் ஒருவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் நின்று வேலை பார்த்த இடத்தில் அவரை எடுங்கள். வெளியிடுமுன் படத்தை அவரிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள்.

உள்ளே செல்ல அனுமதி கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். சாலையிலிருந்து தெரியும் ஆலை வாசல், அதற்கெதிரே உள்ள டீக்கடை, தொழிலாளர் குடியிருப்பு லைன் வீடுகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் நின்று, படிப்பு முடியும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து வாருங்கள். வெர்காரா செய்தது ஏறத்தாழ இதைத்தான்.

ஒவ்வொரு படத்தின் கீழும் பிரிவின் பெயர், கடைசியாக இயந்திரம் ஓடிய ஆண்டு, அதைச் சொன்னவர் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள். பணி முடிந்ததும் படங்களை இவ்விதழுக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் குறிப்புகளோடு சேர்த்து அனுப்பினால் மட்டுமே பரிசீலிப்போம்.